பாப்பாவின் மாத்திரையில் நான் கை வைத்த கதை

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் தம்பி மனைவியும் பாப்பாவும் நலம். நலம் என்று எழுதும்போதே பேனா நடுங்குகிறது. எந்த லட்சணத்தில் நலமாக இருக்கிறோம் என்று முழுதாகப் படித்தால் உனக்கும் நடுங்கும். ஆகவே உட்கார்ந்து படி.

போன மாதம் இங்கே வந்திருந்தபோது, சமையலறையில் வைத்து என் காதில் ஒரு விஷயத்தைப் போட்டுவிட்டுப் போனாய். பாப்பாவுக்குக் கடைசியாக வலிப்பு வந்து மூன்று வருஷம் ஆகிறது, இன்னும் எதற்கு மாத்திரை, அவளோடு வேலை பார்க்கும் பையனின் வீட்டார் கல்யாணம் பேச வரும்போது அந்த டப்பா கண்ணில் பட்டால் காரியம் கெட்டது, சத்தமில்லாமல் நிறுத்திவிடு என்றாய். உன்னைக் குறை சொல்லவில்லை அக்கா. நீ வாயால் சொன்னதோடு சரி, கையால் செய்த மகானுபாவன் நான்தான். காகித ஆலையில் முப்பத்தொரு வருஷம் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து, ‘சம்பந்தமில்லாதவர்கள் கை வைக்கக் கூடாது’ என்று இயந்திரத்துக்கு இயந்திரம் பலகை மாட்டியவன், போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெற்ற பெண்ணின் மாத்திரை டப்பாவில் கை வைத்தேன்.

வாரத்துக்கு வேண்டிய மாத்திரைகளை ஞாயிறன்றே அறை அறையாகப் பிரித்து வைப்பது பாப்பாவின் வழக்கம். காலைக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று. அவள் குளிக்கப் போன நேரத்தில் பதினான்கையும் வழித்தெடுத்துவிட்டு, என் எலும்புக்கென்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்த கால்சியம் மாத்திரைகளை அந்த இடத்தில் போட்டேன். இதுவும் வெள்ளை, அதுவும் வெள்ளை. இதுவும் நீளம், அதுவும் நீளம். எடுத்ததைக் குப்பையில் போட்டால் யாராவது எடுத்துத் தின்றுவிடுவார்களே என்று மகா பொறுப்போடு யோசித்து, அதனால் காலியாகிப் போன என் கால்சியம் புட்டியிலேயே போட்டு மூடி வைத்தேன்.

திங்கட்கிழமையிலிருந்து பாப்பாவையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பாட்டுக்குச் சாப்பிட்டாள், சிரித்தாள், வேலைக்குப் போனாள். எனக்குத்தான் தலை நிற்கவில்லை. முடிதிருத்துகிறவரின் நாற்காலியில் உட்கார்ந்த மாத்திரத்தில் நான் தூங்கித் தலையை ஆட்டியதில் கத்தி நழுவி என் வலது பக்க மீசை போய்விட்டது. அந்தக் கோலத்தில் ஸ்கூட்டரை வேறு ஓட்டிக்கொண்டு வீடு வந்திருக்கிறேன். செவ்வாயன்று வீட்டுத் தரை படகு மாதிரி ஆடியது. செய்தித்தாளில் ஒவ்வொரு வரியும் இரண்டாகத் தெரிந்தது. எல்லாம் மனசாட்சி பண்ணுகிற வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை தலைசுற்றலுக்கு ஏதாவது வாங்கலாம் என்று சுவரைப் பிடித்துக்கொண்டே மருந்துக்கடைக்குப் போனேன். போன இடத்தில் வாய் சும்மா இருக்காமல், எனக்குத் தெரிந்த ஒருவர் வலிப்பு மாத்திரையை நிறுத்திவிட்டார், பரவாயில்லையா என்று கடைக்காரம்மாவிடம் கேட்டு வைத்தேன். மாத்திரை அட்டையை வெட்டிக்கொண்டிருந்த கத்தரிக்கோலை அந்தம்மா கீழே வைத்தார்.

“திடீர்னு நிறுத்தினா வலிப்பு திரும்ப வரும் சார். சில பேருக்கு நிக்காம வந்துகிட்டே இருக்கும், உயிருக்கே ஆபத்து. குறைக்கிறதா இருந்தாலும் டாக்டர்தான் மாசக்கணக்குல பார்த்துப் பார்த்துக் குறைப்பாரு. யாரு சார் அது?”

அந்தம்மா நாற்காலியில் கிடந்த மெத்தையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். எதற்கு மெத்தை என்றால், பாப்பா விழுந்தால் தலைக்கு வைக்க. என் பின்னால் மெத்தைக்காக அந்தம்மாவும் ஓடி வந்தார். இரண்டு தெரு தாண்டி, பாப்பா வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடைக்குள் நுழைந்தால், அவள் கண்ணாடி அலமாரிகளுக்கு நடுவில் நின்று ஒரு லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காலடியில் மெத்தையைப் போட்டு, உட்காரம்மா என்று கெஞ்சி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு எழுத்துப் பலகை படித்துக்கொண்டிருந்த வாடிக்கையாளர் முன்னிலையில், செய்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தேன்.

பாப்பா பதறவில்லை. லென்ஸைத் துடைத்து உறையில் போட்டுவிட்டுச் சொன்னாள்: “எனக்குத் திங்கக்கிழமை காலையிலயே தெரியும்ப்பா. என் மாத்திரையில நடுவுல ஒரு கோடு இருக்கும். நாள் பூரா லென்ஸ்ல கீறல் தேடுறவகிட்டயா உங்க வேலைய காட்டுறீங்க? கைப்பையில எப்பவும் ஒரு அட்டை கூடுதலா வச்சிருப்பேன். ஒரு வேளை கூட விடல. நீங்களா வந்து சொல்றீங்களான்னு பார்த்தேன்.”

எனக்கு உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் உட்காருவதற்குள் அடுத்த கேள்வி: எடுத்த மாத்திரை எல்லாம் எங்கே? கால்சியம் புட்டியில் என்றேன். அவள் என் பாதி மீசையைப் பார்த்தாள். கடைக்காரம்மாவும் பார்த்தார்.

“அந்தப் புட்டியிலேருந்து அம்மா தினமும் ரெண்டு வேளை எடுத்துக் கொடுக்கிறது யாருக்குப்பா?”

எனக்குத்தான் அக்கா. பேப்பரிலிருந்து கண்ணெடுக்காமல் கையை நீட்டுவேன், உன் தம்பி மனைவி ஒன்றை வைப்பாள், வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பேன். மூன்று நாளாக வலிப்பு மாத்திரையைத் தின்றுகொண்டிருந்தவன் நானே! பாப்பாவுக்குப் போட்ட மெத்தையில் நான் உட்கார்ந்தேன்.

அங்கிருந்து நேரே டாக்டரிடம் இழுத்துப் போனார்கள். சோதித்துவிட்டு, வலிப்பு இல்லாதவர் தின்ற இந்த ஐந்தாறு மாத்திரையை இப்போதே நிறுத்தலாம், மயக்கம் முழுக்கத் தெளியும்வரை ஸ்கூட்டரைத் தொடக் கூடாது என்றார். ஆனால் பாப்பாவின் மாத்திரையைத் தன்னைக் கேட்காமல் யாரும் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்று சொன்னபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. திரும்பி வரும் வழியில் பாப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னது இன்னும் நெஞ்சில் குத்துகிறது: “மூணு வருஷமா வரலைன்னு மாத்திரை வேண்டாங்கிறீங்க. மாத்திரை போடுறதாலதான்ப்பா வரல.”

ஆகவே அக்கா, ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். வருகிற ஞாயிறு கல்யாணம் பேச வருவதாக இருக்கும் பையன் வீட்டாரை வர வேண்டாம் என்று சொல்லப் போகிறேன். அவர்களிடம் மறைக்கவும் இனி முடியாது, சொல்லவும் தைரியமில்லை. நீயும் ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். நாம் இரண்டு பேரும் ஒரு சமையலறையில் சேர்ந்து நிற்பது பாப்பாவுக்கு நல்லதில்லை.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நீண்ட ஆயுளோடும், பிறர் மாத்திரையில் கை வைக்காத புத்தியோடும் வாழ ஆசிகள்.

இப்படிக்கு,
வெட்கத்துடன்,
உன் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் பாப்பா கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். பையனிடம் போன வருஷமே சொல்லிவிட்டாளாம். கல்யாணத்துக்கு முன்னால் மருந்தைப் பற்றிப் பேச இருவரும் டாக்டரிடம் நாள்கூடக் குறித்திருக்கிறார்களாம். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும், ஐந்து நிமிஷம் தாண்டினால் ஆம்புலன்ஸ் என்று பையனின் அம்மா தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாராம். வலிப்பு முதன்முதலில் வந்த நாளிலிருந்து பதின்மூன்று வருஷமாக ஒன்றும் தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு நிற்பது பெற்ற தகப்பனும் அத்தையும்தானாம். ஆகவே மேலே எழுதியது எதையும் மனதில் வைக்காதே. ஞாயிறு காலை ஒன்பது மணிக்கெல்லாம் வந்துவிடு. அவர்கள் வருவதற்குள் நம் இருவருக்கும் பாப்பா பாடம் நடத்துகிறாள். தரையில் படுத்துக் காட்ட ஓர் ஆள் வேண்டுமாம், அத்தானையும் அழைத்து வா.