காரணம் சாரும் கல்லாற்றுத் தண்ணீரும்

திருவனந்தபுரத்தில் அதிகம் பேரை அதிகம் கடுப்பேற்றிய மனிதர் எங்கள் காரணம் சார்தான். போட்டிக்கு ஆளே கிடையாது. நான் கிளார்க்காக இருக்கும் கல்லூரியில் தத்துவம் நடத்துகிறார். ஒன்று தெரியும் என்றால் அதற்கான காரணம் உங்கள் மனதுக்குள் இருக்க வேண்டும், கேட்டதும் எடுத்துச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அது அறிவே இல்லை. இது அவர் கட்சி. எப்போதும் சரியாகச் சொல்கிறவனுக்குக் காரணம் தெரியாவிட்டாலும் அது அறிவுதான் என்பது எதிர்க்கட்சி. அதோடு அவருக்கு இருபது வருடச் சண்டை.

கேன்டீனில் ஒருநாள், "சாம்பார் நன்னாருக்கு சார்" என்று சொல்லித் தொலைத்தேன். "எப்படித் தெரியும்?" என்று தொடங்கிய விசாரணை முடிவதற்குள் சாம்பார் ஆறிவிட்டது.

போன மழைக்காலத்தில் இருவரும் விதுரா வழியாகப் பொன்முடி மலைக்குக் கிளம்பினோம். தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர், "விதுரா! வேகம் கேறிக்கோ சாரே!" என்றார்.

"இது விதுரா வண்டின்னு உமக்கு எப்படித் தெரியும்?"

"போர்டு உண்டல்லோ."

"போர்டை மாத்தி மாட்டியிருந்தா?"

கண்டக்டர் இரட்டை மணி அடித்தார். அடுத்த வண்டிக்கு முக்கால் மணி நேரம் நின்றோம்.

மலைக்குப் போகும் வழியில் கல்லாற்றங்கரையில் பஸ்ஸைவிட்டு இறங்கினோம்; பளீரென்று வெயில். சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடு ஆற்றுப் பாறையில் போய் உட்கார்ந்தார். கரையில் டீக்கடை வைத்திருந்த அக்கா திடீரென்று கத்தினார்: "எல்லாரும் கேறி வாங்க! மலைவெள்ளம் வருது!" துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் ஒரு வார்த்தை கேட்காமல் கரையேறினார்கள். சார் கேட்டார்.

"மேலே மழை பெய்யறதைப் பார்த்தேளா?"

"இல்ல சாரே."

"யாராவது போன்ல சொன்னாளா?"

"இல்ல! எனக்கு அறியும், அவ்வளவுதான்! போன தடவையும் சொன்னேன், வந்துதே!"

"காரணம் சொல்லத் தெரியலேன்னா அது வெறும் ஊகம்மா" என்று சம்மணம் போட்டுக்கொண்டார். எதிர்க்கட்சியை நேரில் பிடித்துவிட்ட சந்தோஷம் முகத்தில் வழிந்தது.

"அந்தாளுக்குப் பிராந்தா?" என்று அக்கா நெற்றிப்பொட்டில் விரலைச் சுழற்றியபடி என்னைக் கேட்டார்.

எனக்கு வந்த கோபத்தில் செருப்போடு ஆற்றில் இறங்கி அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

"விடுடா, அவ இன்னும் ஒரு காரணம்கூடச் சொல்லலை!"

"வாயை மூடிண்டு வாங்கோ சார்!"

கரையேறி மூச்சு விடுவதற்குள் செம்மண் நிறத்தில் தண்ணீர் இரைந்துகொண்டு வந்தது. பாறை இருந்த இடமே தெரியவில்லை. ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டே சார், "ஒரு தடவை பலிச்சுட்டா அது அறிவாயிடுமா?" என்றாரே பார்க்கலாம்!

"அதைக் கேக்க சார் உயிரோட இருக்காரே, அது போதும்" என்று அக்கா டீயை நீட்டினார்.

திரும்பும் பஸ்ஸில் பாதி வழி தாண்டியதும் சார் மெல்ல, "உனக்கு நீச்சல் தெரியாதேடா. ஏன் இறங்கினே?" என்றார்.

"தெரியலை சார்."

அடுத்த கேள்விக்குத் தயாரானேன். வரவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். தம்பானூர் வரும்வரை விடவில்லை. நானும் விடச் சொல்லவில்லை.