கணுக்காலுக்கு ஏறிய பேய்

ஓட்டலுக்குப் பின்சந்தில் இருந்த கார் ஷெட்டின் முன்னால் கூட்டம் அலைமோதியது. பரிமாறுகிறவர்கள், காவலாளிகள், துணிக்கடைப் பெண்கள் என்று புதுச் சீருடை ஷூ கடித்த கால்களெல்லாம் பாதச் சாமியாரின் அருளுக்காக நொண்டிக்கொண்டு நின்றன. கடித்தது ஷூ. பழி மட்டும் பேய்மேல்.

சாமியார் ஊசியால் கொப்புளத்தைக் குத்துவார். நீர் வடியும். "பாத்தியா, பேய் அழுவுது!" என்பார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். பிறகு கணுக்காலில் முறுக்குக் கயிறு. கட்டணம் கிடையாது, காணிக்கைதான். அது எவ்வளவு என்பதைச் சீடர் கறாராகச் சொல்லிவிடுவார்.

மேசைக்கு மேசை பறந்ததால் மின்னல் என்று பெயரெடுத்த பணியாளன் இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான். இனியும் நொண்டினால் வேலைக்கு வர வேண்டாம் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

"போன தடவை நீங்க கயிறு கட்டினதும் லீவுல குதிகால் ஆறிடுச்சு சாமி. நேத்து ஷூ போட்டதும் கணுக்கால்ல கொப்புளம் வந்துடுச்சு."

"பேய் மேல ஏறுது. ரெட்டைக் கயிறு கட்டணும்."

"முழங்காலுக்கும் ஏறுமா சாமி?" என்றார் பின்னால் நின்ற காவலாளி.

"ஏறும். அதுக்கும் கயிறு இருக்கு."

இல்லாமலா போகும்?

மறுநாள் காலை வீட்டில் அக்கா அவன் காலைத் திருப்பிப் பார்த்தாள். அவளும் துணிக்கடையில் நாள் முழுக்க ஷூவோடு நிற்கிறவள்தான். கொப்புளம் கயிறு போன தடத்திலேயே வந்திருந்தது.

"பேய்க்கு இவ்வளவு நேராக் கோடு போடத் தெரியுமாடா?"

"கிண்டல் பண்ணாதக்கா. வேலை போயிடும்."

அவள் கயிற்றைக் கத்தரித்து எறிந்தாள். புண்ணைச் சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான துணி வைத்து ஒட்டி, ரெட்டை சாக்ஸ் மாட்டிவிட்டாள். "இனிமே கொப்புளம் வந்தா யாரையும் குத்தவிடாத. மேல்தோல்தான் அதுக்குக் காவல்" என்றாள். பிறகு பார்சல் கட்டும் சணலை எடுத்துத் தன் நல்ல காலில் கட்டிக்கொண்டு, அதன்மேல் ஷூவை மாட்டி வேலைக்குப் போனாள்.

அன்று மாலை தம்பியோடு ஷெட்டுக்கு வந்தாள். அவன் சுவரைப் பிடிக்காமல் நடந்தான். அவள்தான் நொண்டினாள். சாமியார் அவள் கணுக்காலைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

"பொல்லாத பேய்! பக்கத்து வீட்டுக்காரி ஏவிவிட்டிருக்கா!"

"அவங்க பாவம் சாமி. இது பார்சல் சணல். காலையில நானே கட்டினேன்." பையிலிருந்து சணலை எடுத்துக் காட்டினாள்.

கூட்டத்தில் எல்லாரும் தத்தம் கணுக்காலைக் குனிந்து பார்த்தார்கள்.

"நம்பிக்கை இல்லாதவளே!"

"சரி, நீங்க நம்புறீங்கல்ல? உங்க கயித்தைக் கட்டிக்கிட்டு, என் தம்பி ஷூவைப் போட்டு இந்தச் சந்துல நடந்து காட்டுங்க."

சாமியார் காலை அங்கிக்குள் இழுத்தார். காவலாளி அங்கியைத் தூக்கினார். உள்ளே கயிறில்லை. மெத்தென்ற செருப்பும் தடித்த ரெட்டை சாக்ஸும் இருந்தன.

சாமியார் எழுந்து ஓடினார். அருமையான கால்கள், ஒரு கொப்புளம் இல்லை. மின்னல்தான் விரட்டிப் பிடித்தான்.

"அப்போ என் முழங்காலுக்குக் கயிறு?" என்று ஒருவர் அப்போதும் கேட்டார்.

ஐயா, கால் தேயத் தேய நடந்தீர்கள். புத்தியை மட்டும் தேயாமல் புத்தம்புதிதாக வைத்திருக்கிறீர்களே, அதையும் கொஞ்சம் நடக்க விடுங்கள். அதற்குக் கொப்புளம் வராது.