ஆறும் நூற்றிருபத்தேழும்

ஒரு பொம்பிளைப் பிள்ளையை முன்பின் தெரியாத நாலு பேர் கேள்வி கேட்கப் போகிறார்கள் என்றால், எங்கள் கரையில் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு. வீடு கூட்ட வேண்டும், பலகாரம் சுட வேண்டும், பிள்ளைக்குச் சீலை உடுத்திக் கதிரையில் இருத்த வேண்டும். இது வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் மேற்படிப்புக்காக வைக்கிற நேர்முகத் தேர்வு, அதுவும் வீடியோவில், என்று நான் தொண்டைத் தண்ணி வற்றக் கத்திப் பார்த்தேன்.

"வெளிநாட்டுக்காரர் எண்டாப்போல? தேப்பன் பக்கத்தில இல்லாமல் என்ர பிள்ளையை ஆர் கேள்வி கேக்கிறது?" என்றார் அம்மா.

சண்டை முடிந்து, மீள்குடியேற்றத்தில் சிலாவத்துறைக்குக் கிட்ட இருக்கிற எங்கள் ஊருக்கு நாங்கள் திரும்பி வந்திருந்த காலம் அது. வீட்டுத்திட்ட வீட்டுக்குச் சுவர் இருந்தது, பூச்சு இல்லை. கரண்ட் கம்பம் நட்டிருந்தார்கள், கரண்ட் இல்லை. நான் பட்டம் முடித்துவிட்டு, விஞ்ஞான உலகமே என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பில் வீட்டில் இருந்தேன். (அந்தக் காலத்து என்னை இப்போது சந்தித்தால் இரண்டு அறை போடுவேன்.) அந்தப் பல்கலைக்கழகம் முழுச் செலவும் தந்து ஒரே ஒரு ஆளைத்தான் எடுக்கும். கிடைத்தால் ஆராய்ச்சி. கிடைக்காவிட்டால் அப்பாவின் உழைப்பில் அதைப்பற்றி நினைக்கவே ஏலாது.

என் ஆய்வு, கோழி முட்டையின் வெள்ளைக்கருவில் இருக்கிற ஒரு புரதத்தைப் பற்றியது. புரதம் என்பது அமினோ அமிலங்களைச் செபமாலை மணிகள்போல வரிசையாகக் கோர்த்த சங்கிலி. ஆனால் அது நீட்டி நிமிர்ந்து கிடக்காது. தன்மேல் தானே மடிந்து சுருண்டு ஓர் உருவம் எடுக்கும். அப்படி மடியும்போது, சங்கிலியில் எங்கோ தூரத்தில் இருந்த இரண்டு மணிகள் கிட்ட வந்து தொட்டுக்கொள்ளும். எது எதைத் தொடுகிறது என்று கணினியில் பார்ப்பதுதான் என் வேலை. அந்தத் தொடுகைகள்தான் உருவத்தைக் குலையாமல் கட்டி வைக்கின்றன. இதையெல்லாம் நான் விளக்கி முடித்ததும் அம்மா, "இவ்வளவு படிச்சுப்போட்டுக் கடைசியா முட்டையிலயோ வந்து நிக்கிறாய்?" என்று கேட்டார்.

முருங்கனில் ஒரு இன்ரநெற் கடை இருந்தது. அங்கே போய்ப் பேசுகிறேன் என்றேன். "கடைக்குள்ள இருந்தோ பிள்ளையைக் காட்டுறது?" என்று அப்பா ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். எங்கள் பக்கத்தில் சிக்னல் ஒழுங்காக இழுக்கிற ஒரே இடம் கடற்கரையில் கரைவலைக்காரர் வலை வைத்துத் தங்குகிற கொட்டிலான வாடி. ஆகவே வாடியே பெண் பார்க்கும் மண்டபம் ஆனது. மேசைக்குப் பின்னல் விரிப்பு, அதன்மேல் இணைய டொங்கிள் செருகிய என் லப்டொப், அதற்குப் பக்கத்தில் பயற்றம் பணியாரத் தட்டம். என் லப்டொப்பின் பற்றரி செத்து வெகு காலம். அதனால் பாதரிடம் கெஞ்சிக் கோயில் ஜெனரேற்றரைக் கொண்டுவந்து வைத்திருந்தோம்.

இங்கே என் பெரியப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவின் ஒரே அண்ணன். இடம்பெயர்ந்த இடமெல்லாம் ஒன்றாக ஓடி, ஒரு தறப்பாள் கூடாரத்துக்குள் ஒன்றாகப் படுத்து, ஒரு சட்டியில் தின்ற சகோதரங்கள். ஊருக்குத் திரும்பிய பிறகு ஒரு நிறுவனம் வந்து இரண்டு குடும்பத்துக்கு ஒரு படகு எஞ்சின் என்று உதவி கொடுத்தது. அதோடு முடிந்தது உறவு! எஞ்சின் எரிந்துபோனது. எரித்தது நீ என்று இவர், நீ என்று அவர். எஞ்சின் சாக்கு மூடிக் கிடக்க, இருவரும் கரைவலைக்குக் கூலி இழுக்கப் போனார்கள். கரைவலைக்கு இரண்டு கயிறு. கரையில் இரண்டு அணி எட்ட எட்ட நின்று இழுக்கத் தொடங்கும். வலை கரைக்கு வர வர இரண்டு அணியும் நெருங்கி வந்து ஓரிடத்தில் சேரும். அப்பா வடக்குக் கயிறு, பெரியப்பா தெற்குக் கயிறு. ஒவ்வொரு நாளும் பக்கத்தில் பக்கத்தில் வந்து முடிப்பார்கள். முடித்ததும் ஒருவர் கடலைப் பார்ப்பார், மற்றவர் காட்டைப் பார்ப்பார்.

நேர்முகத் தேர்வு அன்று காலை வலை இழுத்து முடிந்து, ஆட்கள் மீனைத் தரம் பிரித்துக்கொண்டு நின்ற நேரம் அழைப்பு வந்தது. திரையில் நாலு முகம். நடுவில் கண்ணாடி போட்ட ஒரு பேராசிரியை. எனக்குப் பின்னால் வெள்ளை வேட்டியில் அப்பா, கல்யாணச் சீலையில் அம்மா. நான் வணக்கம் சொல்லி, முதலாவது படத்தைக் காட்ட வாயைத் திறந்தேன்.

அப்போதுதான் அம்மாவுக்கு, வந்தவர்களுக்குத் தேத்தண்ணி வைக்கவில்லை என்ற ஞாபகம் வந்தது. கல்யாணப் பரிசாக வந்து, கரண்ட் காணாமல் அலுமாரிக்குள் கிடந்த, தண்ணி கொதிக்க வைக்கிற மின்சாரக் கேத்தில் வெளியே வந்தது. ஜெனரேற்றரில் செருகினார்.

ஜெனரேற்றர் ஒரு இருமல் இருமியது. பிறகு எங்கும் அமைதி. லப்டொப் கறுத்துப்போனது. என் படங்கள், என் வரைபடங்கள், என் எதிர்காலம், எல்லாம் அதற்குள்.

"அம்மா!" என்று நான் போட்ட சத்தத்தில் மீன் பொறுக்க வந்த காகங்கள் எழும்பிப் பறந்தன. "நாசமாக்கிப்போட்டீங்களே! எல்லாம் போச்சு!" மணலில் குந்தி ஓவென்று அழுதேன். ஜெனரேற்றர் திரும்ப உயிர்க்க மறுத்தது. அந்தக் கரையிலேயே இணையம் பிடிக்கிற போன் ஒன்றுதான் இருந்தது. அது பெரியப்பாவுக்கு வெளிநாட்டில் இருக்கிற மகன் அனுப்பியது, அவருடைய சட்டைப்பையில் இருந்தது.

அப்பா என்னைப் பார்த்தார். பெரியப்பா நின்ற பக்கத்தைப் பார்த்தார். அதற்குள் பெரியப்பாவே வந்துகொண்டிருந்தார். "அழாத பிள்ளை. இந்தா, எடு" என்று போனை என் கையில் வைத்தார்.

திரும்பவும் நாலு முகம். நடந்ததைச் சொன்னேன். (அந்த உரையாடல் ஆங்கிலத்தில் நடந்தது. என் அன்றைய ஆங்கிலத்தை அப்படியே எழுதினால் பட்டத்தைப் பறித்துவிடுவார்கள்.)

"படங்கள் வேண்டாம். உன்னைச் சுற்றி இருப்பதை வைத்து விளக்கு. தொடுகை என்றால் என்ன?" என்றார் பேராசிரியை.

சுற்றி என்ன இருந்தது? மணல், மீன், கயிறு, கயிறு இழுக்கிற ஆட்கள். எனக்குப் பொறி தட்டியது. போனை அம்மாவிடம் கொடுத்தேன். "எல்லாரும் கயித்தைப் பிடிச்சு வரிசையா நில்லுங்கோ!" என்று கத்தினேன். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி உட்பட அத்தனை பேரும் நின்றார்கள். ஒரு முனைக்குக் கிட்டப் பெரியப்பா. மறுமுனைக்குக் கிட்ட அப்பா. எவ்வளவு தூரத்தில் நிற்க முடியுமோ அவ்வளவு தூரம்.

"இதுதான் சங்கிலி. பக்கத்தில் பக்கத்தில் நிற்பவர்கள் எப்படியும் உரசிக்கொள்வார்கள். அதை நான் கணக்கில் எடுப்பதில்லை. வரிசையில் தூரத்தில் நிற்பவர்கள் நெருங்கினால்தான் அது சேதி" என்றேன். பிறகு அவர்களை மடித்தேன். இவரை அங்கே வளை, அவரை இங்கே திருப்பு என்று மணலில் ஓடி ஓடி மடித்தேன். என் புரதத்தில் ஆறாவது மணியும் நூற்றிருபத்தேழாவது மணியும் தலையும் வாலும்போலத் தூரத்தில் இருப்பவை. மடிந்து முடியும்போது ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துவிடும். சத்தியமாகச் சொல்கிறேன், நான் திட்டம் போடவில்லை. மடித்து முடித்துத் திரும்பினால் அப்பாவும் பெரியப்பாவும் மூக்கோடு மூக்காக நிற்கிறார்கள்.

"பெரியப்பா, நீங்கள் ஆறு. அப்பா, நீங்கள் நூற்றிருபத்தேழு. கையைப் பிடியுங்கோ."

இருவரும் அசையவில்லை.

"எணேய், பிள்ளையின்ர படிப்பெல்லோ! பிடியுங்கோவன்!" என்று போனுக்குப் பின்னால் இருந்து அம்மா அலறினார்.

பிடித்தார்கள்.

"அந்தப் பிடியை விட்டால் என்ன ஆகும்?" திரையிலிருந்து கேள்வி வந்தது.

"உடனே குலையாது. மற்றப் பிடிகள் தாங்கும். ஆனால் கொஞ்சம் சூடு பட்டாலே தளரத் தொடங்கும்" என்றேன். அது முட்டைக்கு மட்டும் சொன்ன பதில் இல்லை.

பேராசிரியை கேள்விமேல் கேள்வி கேட்டார். நானும் விட்டுக்கொடுக்கவில்லை, அடித்து நொறுக்கினேன்! வெயில் ஏறியது. பெரியப்பாவின் நெற்றியில் வியர்வை வழிந்தது. "இனி விடலாமோ?" என்று யாரிடம் என்றில்லாமல் முணுமுணுத்தார்.

"பிள்ளை சொல்லுமட்டும் விடாதேங்கோ அண்ணை" என்றார் அப்பா.

எஞ்சின் எரிந்த பிறகு அவர் தன் அண்ணனிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். அழைப்பு முடிந்தது. கையை விடுங்கோ என்று நான் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. தட்டத்துப் பணியாரத்தில் ஒன்றை எடுத்து ஆறுதலாகத் தின்றேன். அவர்கள் கையைப் பிடித்தபடியே நின்றார்கள்.

இடம் எனக்குத்தான் கிடைத்தது! "மாப்பிள்ளை வீட்டுக்குப் பிள்ளையைப் பிடிச்சுப் போச்சாம்" என்று அம்மா ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார். தன் தேத்தண்ணிதான் காரியத்தை முடித்தது என்று இன்றைக்கும் வாதாடுவார். நான் விமானம் ஏறுமுன் அண்ணனும் தம்பியும் சேர்ந்து எஞ்சினைக் கழற்றித் திருத்திப் படகில் பூட்டிக் கடலில் இறக்கிவிட்டார்கள்.

எங்கள் குடும்பத்தில் இப்போது யார் யாரோடு கோபித்தாலும், "சரி சரி, ஆறும் நூற்றிருபத்தேழும் கையைப் பிடியுங்கோ" என்பார்கள். என் மனுசனோடு நான் சண்டை பிடித்தால் அவரும் முறைத்தபடியே கையை நீட்டுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு போன் எடுத்தால், மறுமுனையில் ஹலோ இல்லை, வணக்கம் இல்லை.

"ஆறு கதைக்கிறன் பிள்ளை" என்கிறார் பெரியப்பா. "நூற்றிருபத்தேழு இஞ்ச பக்கத்திலதான் நிக்கிறான். குடுக்கிறன், பொறு."