ஒரு சீட்டு, இரண்டு சத்தியம்

"சோத்தைத் தின்னுறீங்களா, இல்லே அதோட பேசிக்கிட்டிருக்கீங்களா?" என்று கேட்டாள் ரன்மெனிக்கா.

திங்கிரி பண்டா பலாக்காய்க் கறியையும் சோற்றையும் பிசைந்து பிசைந்து கூழாக்கியிருந்தான். ஒரு வாய்கூட உள்ளே இறங்கவில்லை.

"இன்னைக்கும் சத்தியம் பண்ணிட்டேன், மெனிக்கா."

"முந்தாநாள்தானே சமன் தெய்வத்துக்கு முன்னால தேங்காய் உடைச்சீங்க? சிவப்புப் பெட்டியிலேதான் போடுவேன்னு?"

"இன்னைக்குப் பத்தினித் தெய்வத்துக்கு முன்னால உடைச்சேன். பச்சைப் பெட்டியிலேதான் போடுவேன்னு."

ரன்மெனிக்கா சிரித்த சிரிப்பில் அடுப்படியிலிருந்த பூனை எழுந்து வெளியே போய்விட்டது. திங்கிரிக்குச் சிரிப்பு வரவில்லை. பயத்தில் தட்டைத் தள்ளிவைத்தான்.

அவன் பயந்ததில் தப்பே இல்லை. கல்பொத்தை கிராமத்தில் பூமி என்று இருந்ததெல்லாம் இரண்டே பேருடையது; வளவு என்கிற பெரிய மாளிகை வீட்டுப் பிரபுக்கள், ஊர்வாயில் ஹாமுகள். திங்கிரியின் குடிசை நின்ற மண், மேல் வளவு ஹாமுவுக்குச் சொந்தம். அவன் உழுத வயல் கீழ் வளவு ஹாமுவுக்குச் சொந்தம். போன தேர்தல்வரைக்கும் வோட்டு என்பது சொத்தும் படிப்பும் உள்ள ஆண்பிள்ளைகள் சமாசாரமாக இருந்தது. இந்தத் தடவை வெள்ளைக்கார அரசாங்கத்துக்கு என்ன தோன்றியதோ, ஆணோ பெண்ணோ, எழுத்து தெரிந்தவரோ தெரியாதவரோ, வயது வந்த எல்லாருக்கும் வோட்டு என்று சொல்லிவிட்டது. படிக்காதவர்களுக்காக ஆளுக்கொரு நிறம், நிறத்துக்கொரு பெட்டி. மறைப்புக்குப் பின்னால் போய், பிடித்த நிறத்துப் பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வரவேண்டியதுதான். தேர்தலில் நின்றவர்களும் அந்த இரண்டு ஹாமுகள்தான். மேல் வளவுக்குச் சிவப்பு. கீழ் வளவுக்குப் பச்சை.

இரண்டு ஹாமுகளும் ஒருவருக்கொருவர் அந்நியராக இருந்தாலும் பரவாயில்லை. கீழ் வளவுக்காரர், மேல் வளவுக்காரரின் மனைவிக்குக் கூடப் பிறந்த அண்ணன். அண்ணனுக்கும் ஒரு சீட்டு வேண்டும் என்று அந்த ஹாமினே புருஷனிடமே சத்தியம் கேட்டாளாம். மச்சான்மார் சண்டையில் யாரும் நடுவில் நிற்கக் கூடாது. திங்கிரிக்கு நிற்க வேறு இடம் இல்லை.

"சிவப்புக்குப் போடலேன்னா வீடு போச்சு. பச்சைக்குப் போடலேன்னா வயல் போச்சு," என்றான் திங்கிரி. "சமன் தெய்வத்தை ஏமாத்தினா பாம்பு கடிக்குமாம். பத்தினியை ஏமாத்தினா உடம்பெல்லாம் கொப்புளமாம். கப்புறாளை ஒண்ணு விடாம சொன்னார்."

"ரெண்டு கோயிலுக்கும் பூசை பண்றது அதே கப்புறாளைதானே? முந்தாநாள் சத்தியத்தை அவர் ஞாபகப்படுத்தலையா?"

"முன்னே பின்னே பார்க்காதவன் மாதிரி தட்டை நீட்டினார்."

"சரி, பொம்பளைங்க சத்தியம் எப்போ?"

"உங்களுக்கு வேண்டாமாம். புருஷன் பண்ணினா பெண்டாட்டிக்கும் சேர்த்துத்தானாம். விதானை சொல்லிட்டார்."

ரன்மெனிக்காவின் சிரிப்பு நின்றது. "ஓஹோ," என்றாள். அப்புறம் ஒரு வெற்றிலையை எடுத்து நிதானமாகக் காம்பு கிள்ளினாள்.

திங்கிரிக்கு இப்போது அவளைப் பார்த்தும் பயம் வந்தது. "நீ எந்தப் பெட்டியிலே போடப்போறே?"

"அதை யாருக்கும் சொல்ல வேண்டாம்னு சட்டமே இருக்காம். ஸ்கூல் வாத்தியார் சொன்னார்."

மறுநாள் காலையில் திங்கிரி ஒரு யோசனையோடு விதானையின் வீட்டுக்குப் போனான். மேல் வளவு ஹாமுவுக்குக் கையும் காலும் கண்ணும் ஊர் அதிகாரியான இந்த விதானைதான். மீசையைத் தடவிக்கொண்டே மிரட்டுவார்.

"விதானை ஐயா, கண்ணு ரெண்டும் மங்கிப்போச்சு. சிவப்பும் பச்சையும் ஒண்ணாத் தெரியுது. தப்பான பெட்டியிலே போட்டுத் தொலைச்சா பாவமில்லையா? நான் வோட்டுப் போடாம வீட்டிலேயே கிடக்கிறேனே."

விதானை அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு உள்ளே போய், வளவு வண்டிக்குப் பூசி மிஞ்சிய சிவப்புப் பெயிண்ட் டப்பாவை எடுத்து வந்தார்.

"வலது கையை நீட்டுடா."

நீட்டினான். மணிக்கட்டுவரைக்கும் பூசிவிட்டார்.

"இப்போ கண்ணு மங்கினா என்ன? கையையும் பெட்டியையும் பக்கத்திலே வெச்சுப் பாரு. ரெண்டும் ஒரே மாதிரி இருக்கிற பெட்டிதான் நம்ம பெட்டி. நல்லவேளை, முன்கூட்டியே வந்து சொன்னே. ஹாமுகிட்டே உன்னைப்பத்திச் சொல்றேன்."

ஹாமுவிடம் சொல்கிறேன் என்றதும் திங்கிரி அங்கே நிற்கவில்லை. கையை இடுப்புத் துணிக்குள் செருகிக்கொண்டு குறுக்கு வழியாக வயல் வரப்பில் ஓடினான். அங்கே கீழ் வளவின் கங்காணி நின்றிருந்தான்.

"என்ன திங்கிரி அண்ணே, கை இடுப்பிலே? அடிபட்டுதா?"

"சின்னக் காயம்."

"காட்டுங்க பார்ப்போம்." கங்காணி அன்பாகத்தான் இழுத்தான். சிவப்புக் கை வெளியே வந்தது. அவன் முகம் மாறியது.

"இது ரத்தமா அண்ணே?"

"ஆமா தம்பி."

"ரத்தத்திலே பெயிண்ட் நாத்தம் வருதே!"

அதற்கு மேல் திங்கிரியால் பொய் சொல்ல முடியவில்லை. கங்காணி அவனைக் கீழ் வளவுக்கு இழுத்துக்கொண்டு போனான். அங்கே இன்னொரு முறை கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யவைத்தார்கள். அது போதாதென்று, மேல் வளவுக்காரனுக்கு நாங்கள் ஒன்றும் இளைத்தவர்கள் இல்லை என்று இடது கைக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்து அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்த புருஷனை ரன்மெனிக்கா வாசலில் நின்று பார்த்தாள்.

"இதென்ன, கிளி வேஷமா?"

"மண்ணெண்ணெய் கொண்டா!"

மண்ணெண்ணெய் போட்டார்கள், சாம்பல் போட்டார்கள், தேங்காய் நாரால் தேய்த்தார்கள். தோல்தான் உரிந்தது, நிறம் போகவில்லை. இந்தக் கைகளோடு வீதியில் இறங்கினால் எந்தப் பக்கத்தார் பார்த்தாலும் உயிர் போய்விடும் என்று திங்கிரிக்குத் தோன்றியது. இனி ஒரே வழிதான். பாயை விரித்துப் படுத்தான். கழுத்துவரைக்கும் போர்வையை இழுத்துக்கொண்டான்.

"எனக்குக் காய்ச்சல்னு சொல்லிடு."

"எத்தனை நாளைக்கு?"

"வோட்டு முடியிறவரைக்கும்."

காய்ச்சல் செய்தி ஊருக்குள் போன வேகத்தில் கப்புறாளை வந்து சேர்ந்தார். மந்திரிப்பதும் அவர் வேலைதான். ரன்மெனிக்காவை வெளியே அனுப்பிவிட்டுப் போர்வையை ஒரே இழுப்பில் உருவினார். இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். அதிர்ச்சியடைந்தவர் மாதிரித் தெரியவில்லை.

"சாமி, என்னைக் காப்பாத்துங்க," என்று திங்கிரி அவர் காலைப் பிடித்தான். பொய்க் காய்ச்சல் என்றாலும் உடம்பு நிஜமாகவே நடுங்கியது. "எந்தப் பெட்டியிலே போட்டாலும் ஒரு தெய்வம் என்னைத் தின்னுடும். போடாட்டி ரெண்டும் சேர்ந்து தின்னுடும்."

கப்புறாளை வாசலைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், பிறகு குனிந்து காதோடு சொன்னார்.

"பெட்டியிலே சீட்டுப் போடறேன்னுதானே சத்தியம் பண்ணினே? முழுச் சீட்டுன்னு பண்ணினியா?"

"இல்லியே!"

"அப்புறம் என்ன? மறைப்புக்குள்ளே போனதும் ரெண்டாக் கிழி. ஆளுக்குப் பாதி. ரெண்டு தெய்வமும் ஒண்ணும் சொல்லாது. ஆனா ஒண்ணு, இதை வெளியே மூச்சு விட்டே, பலிக்காது. பெண்டாட்டிகிட்டேகூடச் சொல்லாதே. இந்த ஊரிலே உனக்கு மட்டும்தான் சொல்றேன்."

திங்கிரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் அது வந்து உட்காருவதற்குள் மறுபடி கிளம்பிவிட்டது. கதவிடுக்கில் பார்த்தான். வெளியே போன கப்புறாளை கோயில் பக்கம் திரும்பவில்லை. நேராக மேட்டில் ஏறினார். மேல் வளவின் பெரிய கதவு அவருக்காகத் திறந்தது. அவர் உள்ளே போனதும் சாத்திக்கொண்டது.

"மெனிக்கா! காட்டிக்கொடுக்கப் போயிட்டார்!"

"எதைக் காட்டிக்கொடுக்க?"

சொல்லவும் முடியவில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துக்கொண்டு படுத்தான். கூரையில் எலி ஓடினால் சமன் அனுப்பிய பாம்பு என்று எழுந்து உட்கார்ந்தான். கொசு கடித்த தடிப்பைப் பார்த்துப் பத்தினி ஆரம்பித்துவிட்டாள் என்று அழுதான். ரன்மெனிக்கா வேப்பிலைக்குப் பதில் வெளக்குமாற்றை எடுக்கப்போவதாகச் சொன்ன பிறகுதான் ஓய்ந்தான்.

வோட்டு நாளன்று யாரும் தன்னைத் தேடமாட்டார்கள் என்றுதான் அவன் நம்பியிருந்தான். காய்ச்சல்காரனைத் தேடி மேல் வளவு ஹாமுவின் மோட்டார் காரே வந்தது. நோயாளிகளையும் நடக்க முடியாதவர்களையும் ஏற்றிவரத்தான் அந்தக் காரை விட்டிருந்தார்கள். விதானையும் டிரைவருமாகச் சேர்ந்து அவனைப் போர்வையோடு தூக்கிப் பின் சீட்டில் போட்டார்கள். வாழ்நாளில் முதல் தடவையாகக் காரில் போகிறான். தூக்குமேடைக்குப் போவதற்குக் காரில் போனால் என்ன, கட்டைவண்டியில் போனால் என்ன?

பள்ளிக்கூட வாசலில் மேல் வளவு ஹாமு நின்றிருந்தார். காலையில் கதவு திறந்ததும் முதல் ஆளாக உள்ளே போய்ச் சீட்டுப் போட்டுவிட்டு வந்து, வருகிறவர்களையெல்லாம் வரவேற்றுக்கொண்டிருந்தார். திங்கிரியைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் கூப்பினார்.

"உடம்பு முடியாத நிலையிலும் வந்திருக்கே. உன்னை மறக்கமாட்டேன் திங்கிரி."

அந்த வளவு ஹாமு அவனைப் பார்த்துக் கும்பிடுவதா! மறக்கமாட்டேன் என்று ஏன் சொன்னார்? கப்புறாளை சொல்லிவிட்டாரா? பதிலுக்குக் கும்பிடலாம் என்றால் பச்சைக் கை போர்வைக்குள் இருந்தது. தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போனான்.

பெண்கள் வரிசை வளைந்து வளைந்து வெளியேவரைக்கும் நின்றது. கல்யாணத்துக்கு உடுத்துகிற சேலையைத்தான் எல்லாரும் உடுத்தியிருந்தார்கள். ரன்மெனிக்கா ஏற்கெனவே போட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்து ஆப்பக்காரி கிரிஎத்தனாவோடு வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். அவளைப் பார்க்கையில் திங்கிரிக்குப் பொறாமையாக இருந்தது.

கால்சட்டை போட்ட கிளார்க் ஒருவர் சீட்டைக் கொடுத்தார். "அந்த மறைப்புக்குள்ளே போ. யாரும் உன்னைப் பார்க்கமாட்டாங்க."

யாரும் என்று அவர் சொன்னது மனிதர்களை. திங்கிரி பயந்தது வேறு இரண்டு பேருக்கு. மறைப்புக்குள் சிவப்பும் பச்சையுமாக இரண்டு பெட்டிகள் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தன. அவன் சீட்டை மடித்தான், நகத்தால் அழுத்தினான், கண்ணை மூடிக்கொண்டு கிழித்தான். அந்தச் சத்தம் ஊர் முழுக்கக் கேட்டிருக்கும் என்று நினைத்தான். ஒரு பாதி சிவப்பில் விழுந்தது. இன்னொரு பாதி வியர்வையில் உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. ஊதினான், உதறினான், கடைசியில் பல்லால் கடித்து எடுத்துப் பச்சைப் பெட்டிக்குள் துப்பினான்.

"ஏம்பா, உள்ளே என்ன பண்றே?" என்று கிளார்க் குரல் கொடுத்தார்.

"இருமல் ஐயா."

பாம்பு வரவில்லை. கொப்புளமும் வரவில்லை. முடிவுதான் வந்தது. கீழ் வளவு ஹாமு ஜெயித்துவிட்டார். மேல் வளவு ஹாமு தோற்றார், அதுவும் சொந்த ஊரிலேயே தோற்றார். அன்று சாயங்காலமே விதானை ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டினார். மேல் வளவு மண்ணில் குடியிருக்கிறவர்கள் எல்லாரும், ஆண் பெண் பாக்கியில்லாமல், வளவு முற்றத்துக்கு வரவேண்டும்.

"போச்சு," என்றான் திங்கிரி. "வீட்டை இன்னொரு தடவை பார்த்துக்கோ மெனிக்கா."

"நேரா நடங்க. பார்க்கிறவங்க நம்மளைத் திருடங்கன்னு நினைப்பாங்க."

முற்றத்தில் ஊரே நின்றது. ஹாமு படியில் நின்றார். முகம் அவருடைய பெட்டியின் நிறத்தில் இருந்தது. அவருக்குப் பின்னால் நாற்காலியில் ஹாமினே. தோற்றவரின் மனைவியா, ஜெயித்தவரின் தங்கையா என்று அவள் முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை.

"எண்ணும்போது நான் பக்கத்திலேயே இருந்தேன்," என்று ஆரம்பித்தார் ஹாமு. "என் மண்ணிலே குடியிருக்கீங்க. என் கிணத்துத் தண்ணியைக் குடிக்கிறீங்க. ஆம்பிளைங்க ஒவ்வொருத்தனும் சமன் தெய்வத்துக்கு முன்னால தேங்காய் உடைச்சீங்க. எனக்கு என்ன பண்ணியிருக்கீங்க தெரியுமா?"

ஊரில் கிழித்தவன் தான் ஒருவன்தான். இந்த நிமிஷமே காலில் விழுந்து ஒப்புக்கொண்டால் பாத்திர பண்டத்தையாவது எடுத்துப்போக விடுவார். ஒரு அடி முன்னால் எடுத்து வைத்தான்.

"பாதிச் சீட்டு!" என்று கத்தினார் ஹாமு. "சிவப்புப் பெட்டியைக் கவிழ்த்தா பாதி பாதியாக் கொட்டுது! கிழிச்ச சீட்டு செல்லாதுன்னு எண்ணினவன் அத்தனையையும் குப்பையிலே போட்டுட்டான்!"

எடுத்து வைத்த காலைத் திங்கிரி அப்படியே நிறுத்தினான். அத்தனையுமா? பக்கத்தில் நின்றவனைப் பார்த்தான். அவன் தரையைப் பார்த்தான். அதற்கடுத்தவன் தன் கால்விரல்களை ஆராய்ந்துகொண்டிருந்தான். விதானை மீசையைத் தடவுவதற்குப் பதில் பிய்த்துக்கொண்டிருந்தார். கப்புறாளை தென்னைமரத்தில் எத்தனை குலை என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"பச்சைப் பெட்டியிலே மட்டும் முழுச் சீட்டு எங்கேயிருந்து வந்தது?" ஹாமுவின் குரல் உடைந்தது. பெண்கள் பக்கத்தில் சிலர் முந்தானையைச் சரிசெய்துகொண்டார்கள். ஹாமினே மெல்லத் தொண்டையைக் கனைத்தாள். ஹாமு அந்தப் பேச்சை அப்படியே விட்டுவிட்டார்.

"ஒவ்வொருத்தனா வாங்க. கிழிச்சவன் எவனோ அவன் வீடு நாளைக்கு இருக்காது. நன்றிகெட்ட ஊரு! என் பெட்டியிலே முழுசா ஒரு சீட்டு, பேருக்கு ஒரே ஒரு சீட்டுக்கூட இல்லே!"

திங்கிரி ரன்மெனிக்காவின் கையைப் பிடித்துக்கொண்டான். அப்போது பெண்கள் கூட்டத்தின் கடைசியிலிருந்து ஆப்பக்காரி கிரிஎத்தனா, இதுவரைக்கும் அந்த முற்றத்தில் வாயே திறக்காதவள், நிஜமாகவே புரியாமல் கேட்டாள்:

"அப்போ காலையிலே முதல் ஆளா ஹாமு போட்டீங்களே, அதுவும் பாதிதானா?"