நகர்ந்துபோன பாலம்

"என் கடையக் கொண்டுபோய் எங்க சார் வச்சீங்க?"

பாலத்தடி மெக்கானிக் காலங்கார்த்தாலே வந்து பலகை அதிகாரியைப் பிடித்துக்கொண்டார். சாலைத் துறையில் தூரப் பலகைகளுக்குப் பொறுப்பானவர் அவர். கடையை நகர்த்தும் அதிகாரம் அவருக்குக் கிடையாது.

"கடை அங்கேயேதானே இருக்கு?"

"எனக்குத் தெரியுது. வண்டிக்காரங்களுக்குத் தெரியலையே! நேத்து வரைக்கும் மணிக்கூண்டுல 'பாலம் 5'ன்னு இருந்துச்சு. இன்னிக்கு 'பாலம் 8'ங்குது. அவ்வளவு தூரம் யாரு வண்டியத் தள்ளிட்டு வருவான்?"

நாடு முழுவதும் சாலைப் பலகைகளை மைலிலிருந்து கிலோமீட்டருக்கு மாற்றலாமா, கூடாதா என்று வெகுகாலமாகச் சண்டை. முதலில் ஒரு சாலையில் மாற்றிப் பார்ப்போம் என்று மேலிடம் முடிவெடுத்தது. அது அதிகாரியின் தலையில் விழுந்தது. பாண்டு வாத்தியம் முழங்க, ரிப்பன் வெட்டி, பலகைகளைத் திறந்தும் ஆயிற்று. ஒரு மாதம் புகார் இல்லாமல் ஓடினால் அவருடைய தற்காலிக வேலை நிரந்தரமாகும். இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

அந்த வீட்டில்தான் பெரிய சிக்கல். அது மாமனார் வீடு. மாமனாரோ மைல் பாதுகாப்புச் சங்கத் தலைவர்.

மாமனாரை நினைத்தாலே அதிகாரிக்குப் பிரமிப்புத்தான். எழுபது வயதில் தினமும் விடியற்காலையில் மணிக்கூண்டிலிருந்து பாலம் வரை ஐந்து மைல் விறுவிறுவென்று நடந்துவிட்டு, பஸ்ஸில் திரும்புவார். முகத்தில் ஒரு பொட்டு வியர்வை இருக்காது. ஒருநாள் கூடவே நடக்கப்போன அதிகாரி, பாதி வழியில் கல் மேல் உட்கார்ந்து, தூரத்தில் போகும் அந்த முதுகைப் பார்த்துக் கும்பிடலாமா என்று யோசித்திருக்கிறார்.

"மைல் என் கால்லயே இருக்கு மாப்பிள்ளை. உங்க பலகையக் கேட்டா என் கால் நடக்குது?" என்பார் மாமனார்.

"வீட்டுக்குள்ள மைலும் வேண்டாம், கிலோமீட்டரும் வேண்டாம். ரெண்டு பேரும் சாப்பிட வாங்க" என்பாள் மனைவி.

மெக்கானிக்கைச் சமாதானப்படுத்த, அதிகாரி எட்டுக்குக் கீழே '5 மைல்' என்று பொடியாக எழுதிப்போட்டார். மறுநாள் பயணிகள் அவருடைய அலுவலகத்துக்குப் படையெடுத்தார்கள். ஆட்டோக்காரர்கள் எட்டையும் ஐந்தையும் கூட்டிப் பதிமூன்றுக்கு வாடகை கேட்கிறார்களாம்.

"பலகையில ரெண்டு எண்ணு இருந்தா கூட்டத்தானே சார் செய்வோம்? கழிக்கவா முடியும்?" என்றார் ஆட்டோக்காரர். நியாயமாகத்தான் பட்டது.

கீழே எழுதியதை அழித்துவிட்டு, ஊரெங்கும் ஒலிபெருக்கியில் அறிவிக்கச் செய்தார்: "பொதுமக்கள் பீதி அடைய வேண்டாம். பாலம் நகரவில்லை."

அதுவரை பாலத்தைப் பற்றி நினைத்தே பார்க்காதவர்களுக்கும் அப்போதுதான் சந்தேகம் வந்தது. நெருப்பில்லாமல் புகையுமா? சாயங்காலத்துக்குள் பாலத்தில் ஜனம் நெருக்கியடித்தது. ஒருவர் தூணில் விரிசல் கண்டுபிடித்தார். இன்னொருவர் ஆறும் கூடவே நகர்ந்திருக்கிறது என்றார். குழந்தைகளைத் தோளில் தூக்கிவைத்துக் காட்டினார்கள்.

அதிகாரியும் கூட்டத்தில் நின்று வாய் பிளந்து பார்த்தார். யானை கட்டி இழுத்தாலும் அசையாத பாலத்தை ஒரு டப்பா வெள்ளைப் பெயின்ட் அசைத்துவிட்டதே! பயமாகவும் இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

புகார் மேலே போய், தலைமைப் பொறியாளரே புறப்பட்டு வந்துவிட்டார். மாமனார் அவரை வழிமறித்தார்.

"வாய்ப்பேச்சு வேண்டாம். எல்லார் முன்னாடியும் அளந்து காட்டுங்க. எட்டு வந்தா சங்கத்தையே கலைச்சிடறேன்."

"வரலைன்னா?" என்றார் பொறியாளர்.

"பழைய பலகை வரணும். மாப்பிள்ளை வேற வேலை பார்த்துக்கட்டும்."

அதிகாரி உள்ளுக்குள் துள்ளிக் குதித்தார். பொறியாளரின் ஜீப் புத்தம் புதுசு. மீட்டரே கிலோமீட்டரில்தான் ஓடும். வேலை கைக்கு வந்தமாதிரிதான்!

பொறியாளர் ஓட்ட, பக்கத்தில் மாமனார். பின்னால் அதிகாரியும், கணவருக்கு வேளைக்கு மாத்திரை கொடுக்க ஃபிளாஸ்க்கோடு வந்த மாமியாரும். மணிக்கூண்டில் மீட்டரைச் சுழியமாக்கிக் கிளம்பினார்கள். பாலத்தில் ஊரே காத்திருந்தது.

ஜீப் நின்றது. மெக்கானிக் ஓடிவந்து ஜன்னல் வழியே தலையை விட்டார்.

"அஞ்சு! அஞ்சுதான் காட்டுது!"

பொறியாளர் மீட்டரைத் தட்டிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"கிலோமீட்டர்னுதான்யா போட்டிருக்கு. நீ எப்படிக் கணக்குப் போட்டே?"

"பலகையில இருந்த அஞ்சை ஒண்ணு புள்ளி ஆறால பெருக்கினேன் சார்."

"எட்டுதானே வருது? பெருக்கல் சரியாத்தானே இருக்கு?"

மாமனார் கீழே இறங்கினார்.

"பார்த்தீங்களா ஜனங்களே! கிலோமீட்டர் மீட்டரை மாட்டினாலும் இந்த ரோடு மைலைத்தான் காட்டுது! என் காலு பொய் சொல்லுமா?"

மெக்கானிக் ஜீப்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதிகாரிக்குக் கையில் மயிர்க்கூச்செறிந்தது. வேலை போனது நிச்சயம். ஆனாலும் இப்படியோர் அதிசயத்தைக் கண்ணாரக் கண்ட பிறகு வேலை போனால்தான் என்ன என்றுகூடத் தோன்றியது. அவரையறியாமல் கை கூப்பிக்கொண்டது.

மாமியார் ஃபிளாஸ்க்கைத் திருகி மூடினார்.

"இதுல என்ன அதிசயம்? நம்ம பொண்ணு பள்ளிக்கூடம் போயிட்டிருந்தப்பவே இந்த ரோட்டுல ஆளுங்க வந்து மூணு மைலை அழிச்சு, அஞ்சு கிலோமீட்டருக்கு வெறும் அஞ்சுன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க. அப்ப யாரும் பாண்டு வாசிக்கலை, அதனால ஒரு புகாரும் வரலை, இவர் வேற தினம் அஞ்சு மைல் நடக்கறேன்னு அவ்வளவு சந்தோஷமா இருந்தாரா, நானும் சொல்லாம விட்டுட்டேன்."