மகான் பார்த்த பாட்டில்

சனிக்கிழமை காலை ஒன்பது மணி ஆகிவிட்டால் எங்கள் தெருவில் சைக்கிள்கூடப் போக முடியாது. இடுப்பில் குழந்தை, தோளில் குழந்தை, தள்ளுவண்டியில் குழந்தை. எல்லாரும் காலியாகக் கிடந்த மரக்கடைக் கிடங்கை நோக்கிப் போவார்கள். அங்கேதான் சாறு மகான் இருந்தார். பழச்சாறு பாட்டில் ஒன்றை எடுத்து ஒரு நிமிடம் உற்றுப் பார்ப்பார். அவ்வளவுதான் வேலை. அதைக் குடித்த குழந்தை எட்டு மாதத்தில் பேசும், பத்து மாதத்தில் எண்ணும், ஒரு வயதில் அப்பாவுக்கே புத்தி சொல்லும். இதில் கடைசியாகச் சொன்னது மட்டும் நடக்கக்கூடியது. எங்கள் தெரு அப்பாக்களுக்குப் புத்தி சொல்ல ஒரு வயது தாராளம்.

நிரூபணமும் மேடையிலேயே உண்டு. ஒரு பாட்டில் மகான் பார்க்காதது, இன்னொன்று பார்த்தது. கூட்டத்தில் ஏதாவது ஒரு குழந்தையை மடியில் வாங்கிக்கொள்வார். முதல் பாட்டிலிலிருந்து ஒரு கரண்டி கொடுத்தால், குழந்தை முகத்தைச் சுளித்துத் துப்பும். இரண்டாவதைக் கொடுத்தால் கரண்டியையே விழுங்கப் பார்க்கும்.

"பெரியவங்க பொய் சொல்லுவாங்க. குழந்தை பொய் சொல்லுமா?" என்பார் மகான்.

கூட்டம் கைதட்டும். நானும் தட்டினேன். மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே தட்டினேன். அந்த மகானை உண்டாக்கியதில் எனக்கும் பங்கு இருந்தது.

நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். மேசைக்கு மேலே கல்யாணப் பத்திரிகை, மேசைக்குக் கீழே ஏதாவது ஒரு மொழிபெயர்ப்பு நாவல். பத்திரிகையில் மாப்பிள்ளையின் தகப்பனாரை விட்டுவிடுவேன். நாவலில் ஒரு வரியை விடமாட்டேன். மகான் துண்டுப் பிரசுரம் அடிக்க வந்தபோது, பலன் பெற்ற தாய்மார்களின் கடிதங்களைக் கொடுங்கள் என்று கேட்டேன். "நிறைய வந்துச்சு தம்பி. எங்கேயோ வெச்சுட்டேன். நீயே பார்த்து எழுதிடு" என்றார். புத்தி உள்ளவன் அங்கேயே எழுந்து போயிருப்பான். நான் பேனாவை எடுத்தேன். என்னையும் ஒருவர் எழுதச் சொன்னது அதுதான் முதல்முறை.

மூன்று தாய்மார்களைப் படைத்தேன். அதில் ஒருத்தி கலங்கரை விளக்கக் காவலரின் மனைவி. கணவன் கடலில். வெளியே பனிப்புயல். அடுப்பில் கடைசி விறகு. ஒன்பது மாதக் குழந்தை தொட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "அம்மா, அழாதே. அப்பா வந்துவிடுவார்" என்கிறது. எல்லாம் தினம் ஒரு பாட்டில் சாறு செய்த வேலை. எங்கள் ஊரில் கடலும் கிடையாது, பனியும் கிடையாது. நாலாயிரம் பிரதிகள் போயின. ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை.

கேட்காதவர்களில் நானும் ஒருவன் என்பதுதான் வெட்கக்கேடு. மூன்று முறை பிழை பார்த்தேன். மூன்றாவது முறை கண் கலங்கியது. கையெழுத்தில் இருந்தவரை அது என் புளுகு என்று எனக்குத் தெரியும். அச்சில் ஏறியதும், இவ்வளவு அழகாக இருப்பது எப்படிப் பொய்யாகும் என்று தோன்றிவிட்டது. அன்று மாலையே ஒரு பாட்டிலும் ஒரு பிரசுரமும் எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன்.

அக்கா வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவள். அவள் மகளுக்கு அப்போதுதான் ஆறு மாதம் முடிந்திருந்தது. கன்னத்தைப் பார்த்து நாங்கள் வைத்த பெயர் உருண்டை. அக்கா தையல் மெஷினை நிறுத்திவிட்டுப் பிரசுரத்தைப் படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம்டா அந்தப் பொண்ணு" என்றாள். அந்தப் பெண் நான்தான் என்று சொல்ல வாய்வரை வந்தது. ஆனால் தன் எழுத்தைப் படித்து ஒருவர் அழும்போது குறுக்கே பேச எந்த எழுத்தாளனுக்கு மனசு வரும்?

ஐந்து வாரம் போயிற்று. உருண்டைக்குப் பாட்டிலைக் கண்டால் கை கால் ஆடும். தாய்ப்பாலைத் தள்ளினாள். மசித்துக் கொடுத்ததைத் துப்பினாள். ஒரு நாளைக்கு ஆறு ஏழு தடவை வயிற்றால் போயிற்று. நான் ஓடிப்போய் மகானிடம் சொன்னேன். உள்ளே இருக்கிற கெட்டதெல்லாம் வெளியே போகிறது, இனி இரண்டு பாட்டிலாகக் கொடுக்கச் சொல் என்றார். அதையும் அக்காவிடம் அப்படியே ஒப்பித்தேன், தாய்மாமன் கடமை. குழந்தைச் சட்டையை எல்லாரும் பிரித்துப் பெரிதாக்குவார்கள். அக்கா உருண்டையின் சட்டையை இரண்டு முறை பிடித்துத் தைத்துச் சிறிதாக்கினாள். இரண்டாவது முறை நூலைக் கடித்து அறுத்ததும் தையல் மெஷினை மூடிவிட்டாள். அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம்.

அங்கே குழந்தைகளை எடை பார்க்கிற நர்ஸை ஊரே தராசு அக்கா என்று கூப்பிடும். அவர் உருண்டையைத் தட்டில் கிடத்தினார். போன முறை எடை எழுதிய அட்டையைப் பார்த்தார். குழந்தையை எடுத்துவிட்டு, தட்டைத் துடைத்து, மறுபடியும் கிடத்தினார்.

"தராசு சரியாத்தான் இருக்கு. பிள்ளைதான் குறைஞ்சிருக்கு. என்னம்மா குடுக்கறே?"

அக்கா பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள். தராசு அக்கா விரலில் தொட்டு நாக்கில் வைத்தார்.

"இதுல பழம் பேருக்குத்தான். மிச்சமெல்லாம் சர்க்கரையும் சாயமும். நெஜப் பழச்சாறா இருந்தாலும் ஒரு வயசு வரைக்கும் வேண்டாம். இதுவே வயித்தை ரொப்பிட்டா பால் எங்கே போகும்? பழம்தான் குடுக்கணும்னா மசிச்சு ஊட்டு."

அக்கா பிரசுரத்தை நீட்டினாள். தராசு அக்கா நிதானமாகப் படித்துவிட்டு, "இந்த ஊர்ல கலங்கரை விளக்கம் எங்கேம்மா இருக்கு?" என்று கேட்டார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதுவும் தெரியவில்லை.

அக்கா விடவில்லை. குழந்தையே அதைத்தான் கேட்கிறது, மேடையில் என் கண்ணாலேயே பார்த்தேன் என்றாள். "அப்போ குழந்தையையே கேட்டுடலாம்" என்றார் தராசு அக்கா.

சனிக்கிழமை ஒரு காலி பாட்டில், காய்ச்சி ஆறிய தண்ணீர், சர்க்கரைப் பொட்டலம், ஒரு துளிச் சாயம் இவற்றோடு கிடங்குக்கு வந்தார். மேடை ஓரத்தில் நின்று என்னைக் கூப்பிட்டு, எல்லாரும் பார்க்கக் கலக்கச் சொன்னார். கலக்கினேன். மூன்று குழந்தைகள் வந்தன, உருண்டை கடைசி. கரண்டி நுனியில் ஒரு சொட்டுத்தான். மூன்றும் மகான் பார்க்காத பாட்டிலைத் துப்பின. மூன்றும் என் பாட்டிலுக்குப் பாய்ந்தன.

மகான் லேசுப்பட்டவர் இல்லை. "கலக்கின கையில சக்தி இருக்கு. இந்தத் தம்பி முகத்துல ஒரு ஒளியை நான் அன்னைக்கே பார்த்தேன்" என்றார்.

கூட்டம் என் முகத்தைப் பார்த்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: ஒரு கணம் நானும் நிமிர்ந்து நின்றேன்.

பின்வரிசையிலிருந்து முடிதிருத்துபவர் பேசினார். "இவன் முகத்துலயா? என் கடை நோட்டீஸ்ல விலாசத்தையே கோட்டை விட்டவன்யா இவன்."

கிடங்கு குலுங்கியது. எனக்குச் சக்தி இருக்கலாம் என்று சந்தேகப்படக்கூட அங்கே ஒரு ஆள் இல்லை. உருப்படாதவனாக இருந்து நான் ஊருக்குச் செய்த ஒரே உபகாரம் அது.

அதற்குள் தராசு அக்கா, மகான் பார்க்காத பாட்டிலை முன்வரிசைத் தாய்மார்களிடம் கொடுத்துவிட்டார். ஒருத்தி நக்கிப் பார்த்து, "ஐயோ, ஒரே எலுமிச்சைப் புளிப்பு" என்று முகத்தைச் சுளித்தாள், அச்சு அசலாகக் குழந்தை மாதிரியே. மகானுக்குக் கடைசியாக மிஞ்சியது என் பிரசுரம்தான். அதைத் தூக்கிப் பிடித்து, இத்தனை தாய்மார்கள் எழுதியதும் பொய்யா என்று கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தாள். இடுப்பில் உருண்டை, பிடித்துத் தைத்த சட்டையோடு.

"நான்தான் எழுதினேன்" என்றேன்.

"அந்தப் பனி?"

"நான்தான்க்கா."

"குழந்தை பேசினது?"

"அதுவும்."

"நான் அழுதேன்டா அதைப் படிச்சு."

"நானும்தான்க்கா."

அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நடந்துவிட்டாள். மகான் பின்வாசல் வழியாகப் போனதை யாரும் பார்க்கவில்லை. ஏனென்றால் அப்போது ஒரு தாய் தராசு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, உங்க பாட்டில் எங்கே கிடைக்கும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். தராசு அக்கா மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து அக்கா சட்டையின் தையலைப் பிரித்தாள். என்னோடு பேசவும் ஆரம்பித்தாள். ஆனால் நான் என்ன வாங்கிக்கொண்டு போனாலும் முதலில் என்னையே தின்னச் சொல்கிறாள்.

உருண்டைக்கு அப்போது பல் இல்லை, எழுத்தும் தெரியாது. இனிப்பைக் கண்டால் வாயைத் திறந்தாள். அவளை மன்னித்துவிடலாம். நமக்குப் பல்லும் இருக்கிறது, எழுத்தும் தெரியும். ஆகவே அச்சடித்த தாள் எது கைக்கு வந்தாலும், வாயைத் திறக்கும் முன் அந்த ஊரில் கடல் இருக்கிறதா என்றாவது கேளுங்கள். இதைக்கூடச் சும்மா நம்பிவிடாதீர்கள். இதை எழுதியதும் அதே ஆள்தான்.