வலது ஸ்பீக்கரும் என் நோட்டும்

எதையும் எழுதி வைக்காமல் என்னால் இருக்க முடியாது. அதை நோய் என்கிறாள் என் தங்கை மல்லிகா. ஒழுக்கம் என்கிறேன் நான். கேஸ் சிலிண்டர் மாற்றிய நாள், தென்னைக்கு உரம் வைத்த நாள், பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்ட நேரம் எல்லாம் என் நோட்டுகளில் இருக்கின்றன. மல்லிகாவின் கல்யாணத்தில் தாலி கட்டியது ஏழு நிமிடம் தாமதம் என்று மேடையிலேயே அறிவித்தவன் நான். (மாப்பிள்ளை வீட்டார் அப்போது என்னைப் பார்த்த பார்வையையும் குறித்து வைத்திருக்கிறேன்.)

இந்த ஒழுக்கத்தால் என் தங்கை வீட்டுக்காரரை மறுபடியும் மஸ்கட்டுக்கே அனுப்பிவிடப் பார்த்தேன். ஒரு புரட்டாசி மாத வியாழக்கிழமை அது. தேதியைச் சொல்ல மாட்டேன். சொன்னால் வருடா வருடம் கேக் வெட்டுவார்கள்.

மாப்பிள்ளை முருகேசன் மஸ்கட்டில், விழாக்களுக்கு ஒலி அமைத்துக் கொடுக்கும் கம்பெனியில் பதினோரு வருடம் இருந்தவர். அந்த முறை விடுப்பில் வந்தபோது, கந்தர்வக்கோட்டையில் வீட்டுக்குப் பின்னால் முந்திரிக்கொட்டை மூட்டை அடுக்கும் அறையை ஒலிப்பதிவு அறையாக மாற்றினார். சுவரெல்லாம் பழைய பஞ்சு மெத்தை. திருச்சியில் மூடப்பட்ட ஒரு ஸ்டூடியோவிலிருந்து இரண்டு மானிட்டர் ஸ்பீக்கர்கள் வந்தன. சாதாரண ஸ்பீக்கர் பாட்டை இனிமையாக்கிக் காட்டும். இது குறையைக் குறையாகவே சொல்லும். (எங்கள் பெரியம்மா மாதிரி.)

அன்று மாலை ஐந்து மணிக்குள் அவர் கம்பெனிக்குப் பதில் சொல்லியாக வேண்டும். திரும்பி வருகிறாரா, இல்லை அவர் இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தார்கள்.

"ரூம் டெஸ்ட் சரியா வந்துச்சுன்னா இங்கிட்டே இருந்துர்றேன் மச்சான். இல்லைன்னா ஏறிர்றேன்" என்றார்.

மல்லிகா அன்று விடிந்ததும் குளித்து, சாமி கும்பிட்டு, இரண்டு ஸ்பீக்கருக்கும் நெற்றி என்று அவளுக்குத் தோன்றிய இடத்தில் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தாள். அவள் கருத்து அவ்வளவுதான்.

சோதனை என்பது இதுதான்: ஸ்பீக்கரிலிருந்து ஒரு ஒலி அடித்தொண்டையில் தொடங்கி விசில் வரைக்கும் ஏறும். நடுவில் வைத்த மைக் அதைக் கேட்கும். அறை எந்தச் சத்தத்தை விழுங்குகிறது, எதைத் திருப்பி அடிக்கிறது என்று கம்ப்யூட்டரில் கோடு விழும். மைக்கை நகர்த்துவது மாப்பிள்ளை வேலை. குறிப்பு எடுப்பது, கேட்கவே வேண்டாம், என் வேலை.

"என்னங்க, பேய் ஓட்டுறீங்களா?" என்று எட்டிப் பார்த்தாள் மல்லிகா.

இடது ஸ்பீக்கர் அருமையாக முடிந்தது. ஏழு இடங்களில் மைக் வைத்தோம். அறையின் வெப்பம் முதல் மின்விசிறி நின்ற நேரம் வரை நான் எழுதியதால் ஒரு மணி நேரம் ஆனது. பிறகு வலது. முதலில் சத்தத்தைக் குறைத்து வைத்துத்தான் தொடங்க வேண்டும் என்பது மாப்பிள்ளையின் முறை. தொடங்கினார். ஒரு சத்தமும் இல்லை.

வயரை மாற்றினோம். இல்லை. கீழத்தெரு எலக்ட்ரீசியன் காதர் அண்ணனைக் கூப்பிட்டோம். வந்ததும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

"பக்கத்துக் கொல்லையில மோட்டார் ஓடுது. வோல்டேஜு பத்தல. ஸ்டெபிலைசர் போடுங்க சார்."

பிளக்கைப் பிடுங்கி ஸ்டெபிலைசரில் மாட்டினார். ஸ்பீக்கர் கணீரென்று பாடியது! கை குலுக்கினோம்.

"ஒரு நிமிஷம் மாப்ள, இதை எழுதிக்கிறேன்" என்று உட்கார்ந்தேன். மோட்டார் எந்தத் திசையில் ஓடியது, காதர் அண்ணன் என்ன சொன்னார், ஸ்டெபிலைசர் யார் வீட்டுடையது என்று இரண்டு பக்கம். நிமிர்ந்தேன். மாப்பிள்ளை ஒலியை விட்டார். செத்த சவம்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மல்லிகாவின் முறை. "கண்ணு பட்டுருச்சு. பிளக்கப் புடுங்குங்க, எனக்குக் கரண்டுன்னா பயம். சுத்திப் போடணும்." உப்பும் காய்ந்த மிளகாயும் எடுத்து மூன்று சுற்று சுற்றினாள். பிளக்கை மாட்டினோம். பாடியது! காதர் அண்ணன் வாயைப் பிளந்தார். நான் மறுபடியும் உட்கார்ந்தேன். மிளகாய் ஒன்பது, சுற்று மூன்று, வலமிருந்து இடம், மிளகாய் நெடி வந்ததா இல்லையா என்று விரிவாக எழுதினேன். எழுதி முடித்தேன். ஒலி விட்டார்கள். மூச்சில்லை.

மணி நாலு பத்து. மாப்பிள்ளை தரையில் உட்கார்ந்து செல்போனைக் கையில் எடுத்தார்.

"விடுங்க மச்சான். இது நமக்கு ஒத்து வராது. அவங்களுக்குச் சொல்லிர்றேன்."

மல்லிகாவின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. (அதை மட்டும் எழுதவில்லை.) அவள் கோபம் முழுவதும் என் பக்கம் திரும்பியது. "இங்க ஒரு குடும்பமே நிக்குது, நீங்க மிளகாய எண்ணிக்கிட்டு இருக்கீங்க" என்று நோட்டைப் பிடுங்கினாள். கிழிக்கத்தான் பிடுங்கினாள். கண்ணில் பட்டதை ஏளனமாக உரக்கப் படித்தாள்.

"'பதினொன்று நாற்பது, பாடுகிறது. எழுதினேன். பன்னிரண்டு ஐந்து, பாடவில்லை.' 'இரண்டு நாற்பது, பாடுகிறது. எழுதினேன். மூன்று ஐந்து, பாடவில்லை.' ஏண்ணே, நீங்க எழுதி முடிச்சாலே அது செத்துப் போகுதே!"

"சார் எழுத்து அப்படி" என்றார் காதர் அண்ணன்.

மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து போய், வலது ஸ்பீக்கரின் நெற்றிச் சந்தனத்தைக் கட்டைவிரலால் துடைத்தார். உள்ளே குட்டியாக ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"சாகல மச்சான். தூங்குது!"

கொஞ்ச நேரம் எந்தச் சத்தமும் வராவிட்டால் அந்த ஸ்பீக்கர் தானாக உறங்கிவிடும். சின்னச் சத்தத்துக்கு எழுந்திருக்காது. பிளக்கைப் பிடுங்கி மாட்டினால் விழித்துக்கொள்ளும். வேண்டாமென்றால் பின்பக்கம் ஒரு பொத்தான் இருக்கிறது. பழைய ஸ்டூடியோக்காரர் இடது ஸ்பீக்கரில் மட்டும் அதை அணைத்திருக்கிறார். ஆக, நாள் முழுவதும் நான் எழுதி எழுதித் தூங்க வைக்க, மற்றவர்கள் பிளக்கைப் பிடுங்கி எழுப்பிக்கொண்டிருந்தார்கள். விழித்திருந்தால் பச்சை, உறங்கினால் சிவப்பு என்று காட்டும் விளக்கோ சந்தனத்துக்கு அடியில்.

இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்த ஸ்பீக்கரின் கையேட்டை இணையத்திலிருந்து எடுத்து, அச்சடித்து, முழுவதும் படித்தவன் அந்த வீட்டில் நான் ஒருவன்தான். உறங்கும் பொத்தானைப் பற்றிய வரிக்குச் சிவப்பு மையில் அடிக்கோடும் போட்டிருந்தேன்.

பொத்தானை அணைத்தார். சோதனை நாலு நாற்பத்தைந்துக்கு முடிந்தது. ஒரு மூலையில் மட்டும் இன்னொரு மெத்தை வேண்டும் என்றது கோடு. மாப்பிள்ளை வெளியே போய்ப் போன் பேசினார். திரும்பி வந்து, "வேற ஆளப் போட்டுக்கச் சொல்லிட்டேன்" என்றார். மல்லிகா உள்ளே போய்த் தன் படுக்கை மெத்தையையே உருட்டிக்கொண்டு வந்து அந்த மூலையில் சாத்தினாள்.

ஆறு வருடம் ஆகிறது. அந்த நோட்டை எப்போதாவது எடுத்துப் பார்ப்பேன். பிடுங்கிய வேகத்தில் கசங்கிய ஓரம் அப்படியே இருக்கிறது. முகர்ந்தால் முந்திரித் தோல் வாசம் வருவதாக எனக்கு ஒரு பிரமை. அன்று அந்த அறையில் நாங்கள் நாலு பேரும் இருந்த மாதிரி அதன்பிறகு இருந்ததில்லை. காதர் அண்ணன் அறந்தாங்கியில் மகள் வீட்டுக்கே போய்விட்டார். போன் செய்தால், நலம் விசாரிப்பதற்கு முன்னால், "சார், மிளகா எத்தன?" என்பார்.

நான் பேனாவைத் திறந்தால் வீட்டில் யாராவது ஒருவர், "மச்சான் எழுதப் போறாரு, ஒரு பாட்டப் போட்டு விடுங்கப்பா" என்பது வழக்கமாகிவிட்டது. போன மாதம் மல்லிகாவோடு வங்கிக்குப் போயிருந்தேன். ஒரு படிவத்தை நிரப்ப உட்கார்ந்தேன். பக்கத்தில் நின்றவள் நிதானமாகக் கைதட்டத் தொடங்கினாள். கவுண்டரில் இருந்தவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"ஒண்ணுமில்லீங்க சார், அண்ணன் எழுதுறாரு" என்றாள் மல்லிகா. "நீங்க தூங்கிறக் கூடாதுல்ல."